காத்தாயி போட்ட அழுத்தக் கணக்கு

அவளுடைய உண்மையான பெயரைத் தொழிற்சாலையில் சம்பளப் பிரிவைத் தவிர யாரும் சொல்வதில்லை. மற்ற எல்லாருக்கும் அவள் காத்தாயி. டீசல் இன்ஜினைப் பற்றி யார் எந்தப் பேச்சை எடுத்தாலும், "காத்து எவ்வளவு உள்ள போகுது, அதைச் சொல்லு முதல்ல" என்று வந்து நிற்பாள். அதனால் அவளோடு வேலை பார்த்த ஃபிட்டர், இன்ஜின்களைப் பூட்டிக் கழற்றுபவர், ஒரு நாள் அந்தப் பெயரை வைத்துவிட்டார். வைத்தவருக்கே பயம் வந்து இரண்டு நாள் அவள் கண்ணில் படாமல் சுற்றினார். மூன்றாம் நாள் அவளே தன் தேநீர்க் கோப்பையில் அந்தப் பெயரைப் பெயின்ட்டால் எழுதிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். அதற்குப் பிறகு தலைமைப் பொறியாளர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அவளுக்கு ஆகாத சொல் ஒன்று உண்டென்றால் அது 'குத்துமதிப்பு'. அதற்குக் காரணம் அவளைப் பெற்றவள். அம்மா தையல்காரி. ஊராருக்கு நாடா பிடித்து அளவெடுத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, மயிரிழை பிசகாமல் தைப்பாள். சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் கண்ணாலேயே அளவெடுப்பாள். அதனால் மகள் பள்ளிக்குப் போட்டுப்போன சட்டைகளில் ஒரு கை மணிக்கட்டில் நின்றால் மறு கை விரல்நுனியை மூடும்.

"போடப் போடச் சரியாயிடும்டி" என்பாள் அம்மா.

"துணி எப்படிம்மா தானா வளரும்?"

"துணி வளராது. நீ வளருவ."

தம்பிக்கு இதிலெல்லாம் கவலையில்லை. நீண்ட கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவான். அவள் மட்டும் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அம்மாவின் பின்னாலேயே நடப்பாள். "முதல்ல என்னை அள, அப்புறம் வெட்டு" என்று கத்தரிக்கோலைப் பிடித்து வைத்துக்கொள்வாள். "இவ மாப்பிள்ளையை நாடா வச்சு அளந்து பாத்துட்டுத்தான் கட்டிப்பா" என்று அம்மா அலுத்துக்கொண்டதை வாடிக்கைக்காரிகள் கேட்டுச் சிரித்தார்கள். கடைசியில் அவள் கட்டிக்கொண்டது நில அளவைத் துறைக்காரரை. அம்மாவின் வாய்முகூர்த்தம் அப்படி.

படிப்பு முடித்துத் தொழிற்சாலைக்கு வந்தவளைச் சோதனை அறையில் போட்டார்கள். அந்த அறை இப்படி இருக்கும்: நடுவில் இரும்புக் கட்டிலின் மேல் ஒரு பஸ் இன்ஜின், சக்கரமும் இல்லாமல் வண்டியும் இல்லாமல், தன்னந்தனியாக. அதன் ஒரு முனையில் மலையேற்றம் போலப் பாரம் கொடுக்கும் பிரேக் இயந்திரம். இன்ஜினைச் சுற்றிலும் நோயாளியின் உடம்பில் ஒட்டிய குழாய்களைப் போல வயர்களும் மெல்லிய உலோகக் குழல்களும். புகை போகும் பெரிய குழாய் நேராகக் கூரைக்கு ஏறும். அங்கே ஆளுயர மின்விசிறி ஒன்று அறையின் வெப்பத்தையும் புகையையும் சேர்த்து உறிஞ்சி வெளியே தள்ளும். விசிறி ஓடும்போது அறையின் கதவு லேசில் திறக்காது. காலை நிலைப்படியில் ஊன்றி இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். "இந்தக் கதவை இழுக்கத் தெரியாதவன் இன்ஜினை என்னத்தை இழுக்கப் போறான்?" என்று ஃபிட்டர் புதிதாக வருகிறவர்களைச் சீண்டுவார். கதவுக்கு வெளியே, தடித்த கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம், காத்தாயியின் மேசை. அங்கே உட்கார்ந்து அவள் அளந்துகொண்டே இருந்தாள். வெப்பம், வேகம், எரிபொருள், காற்று என்று அளக்க முடிந்த எதையும் அளக்காமல் விட்டதில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் அந்த வேலை வந்தது.

தொழிற்சாலையின் புதிய பஸ் இன்ஜினுக்கு ஒரு நோய். டீசல் இன்ஜின் விடும் புகையை அப்படியே வெளியே விடுவதில்லை. ஒரு பங்கை வால்வு வழியாகத் திருப்பி, உள்ளே போகும் காற்றோடு கலப்பார்கள். நச்சு வாயு குறையும். ஆனால் கலப்பதில் அளவு தப்பக் கூடாது. கூடினால் இன்ஜினுக்குச் சுத்தக் காற்று போதாமல் கரும்புகை கக்கும். குறைந்தால் நச்சு வாயு ஏறும். வால்வு வழியாக எவ்வளவு புகை திரும்புகிறது என்பது, புகைப் பக்கத்து அழுத்தம் காற்றுப் பக்கத்து அழுத்தத்தைவிட எவ்வளவு அதிகம் என்பதைப் பொறுத்தது. ஆகவே இன்ஜினை விட்டு வரும் புகையின் அழுத்தம் தெரிந்தாக வேண்டும். அதற்காக அங்கே ஒரு சென்சார் வைத்திருந்தார்கள். அடுப்புக்குள் மூக்கை நீட்டியது போன்ற இடம் அது. சில மாதங்களில் அதன் மெல்லிய குழல் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். பிறகு அது சொல்வதெல்லாம் பொய்.

அவள் தம்பி அதே தொழிற்சாலையில் சோதனை ஓட்டுநர். இந்த இன்ஜினைப் பொருத்திய பஸ்களை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது அவன் வேலை. குறை சொல்வதில் அவனுக்குப் பிறவியிலேயே கைராசி உண்டு.

"உன் இன்ஜினுக்கு ஜலதோஷம்க்கா. மேட்டுல ஏத்தினா மூக்கடைச்சவன் மாதிரி திணறுது. ஆவி பிடிக்க வைக்கவா?"

"சென்சாரை மாத்தினியா?"

"மாத்தினேன். மாத்தினதும் ஒழுங்கா இருக்கு. நாலு மாசம் கழிச்சுப் பழைய குருடி கதவைத் திறடி."

தலைமைப் பொறியாளர் அவளைக் கூப்பிட்டார். மிகவும் நல்ல மனிதர். பொறுமைதான் கொஞ்சம் குறைவு.

"அந்த சென்சாரையே தூக்கிடலாம்னு மேலிடத்துல முடிவு. அழுத்தத்தை அளக்க வேண்டாம். மத்த அளவுகளை வச்சு இன்ஜினோட கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக்கணும். கணக்கை நீ எழுது."

"என்னைக் குத்துமதிப்பு போடச் சொல்றீங்களா சார்?"

"மதிப்பீடும்மா."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். இது சட்டை போட்டிருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "முடியலன்னா சொல்லிடு. வெளியில ரெடிமேடா விக்கிறான், வாங்கிடலாம். ஆனா ஒண்ணு, அதை வாங்கிட்டா இன்ஜின் காத்துக் கணக்கு எதுவும் இனிமே இந்தக் கட்டிடத்துல நடக்காது. எல்லாம் அவன் கையில. நம்ம இன்ஜின் எப்படி மூச்சு விடணும்னு அவன்தான் சொல்லுவான்."

அந்தக் கடைசி வாக்கியம் அவளைச் சுட்டது. பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடுகிற இன்ஜினின் ஒவ்வொரு மூச்சையும் காது கொடுத்துக் கேட்டவள். அதை வேறொருவன் வந்து சொல்வதா? "நான் போடறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவள், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

கணவர் கவனித்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தண்ணீரை நிதானமாகக் குடித்தார். எதற்கும் அவசரப்படாத ஆள்.

"நான் இத்தனை மலைக்கு உயரம் எழுதியிருக்கேன். ஒரு மலையிலயாவது நாடாவைப் பிடிச்சிட்டு ஏறிப் பாத்திருக்கியா என்னை?"

"உங்க தொப்பைக்கு அது வேறயா?"

"தொப்பையை விடு. கீழ நின்னுக்கிட்டு ரெண்டு இடத்துல கோணம் எடுப்பேன். நடுவுல ஒரு தூரம் அளப்பேன். உயரம் வந்துடும். அது குத்துமதிப்பா?"

"அது கணக்கு."

"அப்ப நீயும் உன் கோணங்களைத் தேடு."

தேடினாள். உள்ளே போகும் காற்று எவ்வளவு என்று அளக்க முடியும். எரிபொருள் எவ்வளவு என்று தெரியும். போனது வெளியே வந்தே தீர வேண்டும். காற்றும் டீசலும் சேர்ந்ததுதான் புகை. அந்தப் புகை வெளியே போகிற வழியில் டர்போ என்ற காற்றுத்தள்ளியின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது. சக்கரத்தைச் சுற்றி மடல்கள் உண்டு. மடலை ஒடுக்கினால் வழி குறுகும், அழுத்தம் ஏறும், சக்கரம் வேகம் பிடித்து உள்ளே கூடுதல் காற்றைத் தள்ளும். மடல் எந்த நிலையில் நிற்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். புகையின் வெப்பமும் தெரியும். இவ்வளவு புகை, இவ்வளவு சூட்டில், இவ்வளவு குறுகிய வழியில் போக வேண்டுமென்றால் டர்போவுக்கு முன்னால் அழுத்தம் பின்னால் இருப்பதைப் போல எத்தனை மடங்காக இருக்க வேண்டும்? அந்த மடங்கு கிடைத்துவிட்டால் அதைப் பின்பக்கத்து அழுத்தத்தால் பெருக்க வேண்டியதுதான். பின்பக்கம் என்ன இருக்கிறது? வெளிக்காற்று. அதன் அழுத்தம் தெரிந்ததே.

இப்படிச் சொன்னால் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. அவளுக்கு அது இரண்டு வருடம் ஆயிற்று. மடல் ஒவ்வொரு நிலையிலும், பாரம் ஒவ்வொரு அளவிலும் இன்ஜினை ஓட்டினாள். புத்தம் புது சென்சாரை வைத்து உண்மை அழுத்தத்தை ஒரு பக்கம் அளந்தாள்; தன் கணக்கை மறுபக்கம் ஓடவிட்டாள். திரையில் அளந்தது சிவப்புக் கோடு, கணக்கு நீலக் கோடு. முதல் மாதங்களில் இரண்டும் சண்டை போட்ட சம்பந்திகள் போல ஆளுக்கொரு பக்கம் போயின. பிறகு ஒரே தெருவுக்கு வந்தன. பிறகு ஒரே வீட்டுக்கு. இரண்டாம் வருடக் கடைசியில் சிவப்பின் மேல் நீலம் ஏறி உட்கார்ந்து, எது எதென்று தெரியாமல் போயிற்று. ஃபிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அக்கா, ஒரு கோட்டைக் காணோமே?"

"ரெண்டும் இருக்கு. நல்லாப் பாருங்க."

"அடேங்கப்பா" என்றார் அவர். அன்றைக்கு அவள் நடையே வேறாக இருந்தது என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள்.

புதிய பஸ் ஒன்றில் கணக்கை ஏற்றினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு சென்சாரைத் தற்காலிகமாகப் பொருத்தினார்கள். நகரத்தை விட்டு வெளியேறும் மலைச்சாலையில் தம்பி ஓட்டினான். பஸ் வளைவுகளில் அலுங்காமல் ஏறியது. தலைமைப் பொறியாளர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தானே பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"பிழை அஞ்சு சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னாங்க. நீ மூணைக்கூடத் தாண்டல. நாளைக்கே ஒப்புதல் தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடு. உற்பத்திக்கு அனுப்பிடறேன்."

தம்பி கண்ணாடியில் பார்த்துக் கண் சிமிட்டினான். "பார்ட்டி எப்போக்கா?"

அவள் மடியிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று சதவீதம்தான். ஆனால் நீலம் எப்போதும் சிவப்புக்குக் கீழேதான் இருந்தது. ஏறும்போதும் கீழே, சமதளத்திலும் கீழே. கை தவறினால் ஒரு தடவை இந்தப் பக்கம் சாயும், ஒரு தடவை அந்தப் பக்கம் சாயும். எப்போதும் ஒரே பக்கம் சாய்கிற தராசுக்குக் கீழே ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். சோதனை அறையில் இந்தச் சாய்வு இல்லை. பஸ்ஸில் இருக்கிறது. ஏன்?

மறுநாள் காலை அந்தக் கேள்வியோடுதான் வேலைக்கு வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் ஒப்புதல் தாள். சோதனை அறைக்குள் ஃபிட்டரிடம் ஏதோ கேட்க வேண்டி இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, நிலைப்படியில் காலை ஊன்றிக் கதவை இழுத்தாள். கதவு வழக்கம்போல வர மறுத்தது. இன்னும் பலமாக இழுத்தாள். திறந்த இடுக்கு வழியாகக் காற்று அவளைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. கையிலிருந்த தாளும் அதோடு உள்ளே பறந்தது.

அவள் தாளை எடுக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

இருபது வருடமாக அந்தக் கதவை இழுத்திருக்கிறாள். விசிறி உறிஞ்சுவதால்தான் கதவு இறுகுகிறது என்பது அவளுக்குத் தெரியும். அதே விசிறிதான் இன்ஜினின் புகையையும் உறிஞ்சுகிறது என்பதும் தெரியும். இந்த இரண்டும் தெரிந்தும், இன்ஜின் இங்கே எவ்வளவு சொகுசாகப் புகை விடுகிறது என்று அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது. பஸ்ஸின் புகைக்குழாயில் விசிறி ஏது? அங்கே டர்போவுக்குப் பின்னால் கரியைப் பிடித்து வைக்கும் பில்ட்டர் இருக்கிறது, சைலன்சர் இருக்கிறது. இரண்டும் வழியை மறிக்கும். பின்பக்கம் இருப்பது வெறும் வெளிக்காற்று அல்ல.

"ஃபிட்டர் அண்ணே, கூரைக் குழாய்ல ஒரு வால்வு இருந்துச்சே? சைலன்சர் மாதிரி அடைச்சுக் காட்டுறதுக்கு?"

ஃபிட்டர் தாளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். "அதுவா? துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. நீங்கதான் 'கழட்டிட்டு நேர்க்குழாய் போடுங்க, வால்வைப் பிறகு பாத்துக்கலாம்'னு சொன்னீங்க."

"எப்போ சொன்னேன்?"

அவர் தயங்கினார். "இந்த வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும்க்கா" என்றார்.

"சறுக்கினது ஆனைக்குத் தெரியாம ரெண்டு வருஷம் நடக்காது அண்ணே" என்றாள் அவள். தாளை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு நேராகத் தலைமைப் பொறியாளரின் அறைக்குப் போனாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்று தாளை அவர் மேசைமேல் வைத்தாள்.

அவர் போனை வைத்துவிட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கதவைச் சொன்னாள், விசிறியைச் சொன்னாள், வால்வைக் கழற்றச் சொன்னது தானே என்பதையும் சொன்னாள்.

"சரி, தப்பு இருக்கட்டும். மூணு சதவீதம்தானே? பஸ் நல்லாத்தானே ஏறிச்சு?"

"புது பஸ் சார். பில்ட்டர்ல கரியே சேரல. சேரச் சேரத் தடை ஏறும், என் கணக்கு இன்னும் கீழ போகும். அழுத்தம் குறைச்சல்னு நினைச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் புகையைத் திருப்புற வால்வை அதிகமாத் திறக்கும். புகை அதிகமாத் திரும்பும், காத்துக்கு இடம் இருக்காது. பில்ட்டராலயும் பிடிக்க முடியாத கரும்புகைதான்."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றாங்களே?"

"பானை முழுக்க ஒரே அரிசியா இருந்தா சரி சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மேல சொல்லிட்டேன் காத்தாயி. முடிஞ்சதுன்னு சொல்லிட்டேன். இப்ப முடியலன்னா அந்த ரெடிமேட் ஆளுங்களைக் கூப்பிட்டுடுவாங்க. உனக்குப் புரியுதா?"

"புரியுது சார். அதனாலதான் நானே வந்து சொல்றேன். என்னோட வாங்க, ஒரு தடவை நேர்ல காட்டறேன்."

தன் கணக்கு தோற்பதைக் காட்ட, தானே மேலதிகாரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன இன்னொருவரைப் பற்றி இதுவரை கேள்விப்பட்டதில்லை. பணிமனையில் இதே இன்ஜினோடு கிடந்தவற்றிலேயே அதிகம் ஓடித் தேய்ந்த பஸ்ஸைக் கேட்டு வாங்கினாள். 'கிழவி' என்று அதற்குப் பெயர். பில்ட்டரில் இனிப் பிடிக்க இடமில்லாத அளவுக்குக் கரி அப்பியிருந்தது. கணக்கை அதில் ஏற்றி, ஒப்பிட ஒரு புது சென்சாரையும் பொருத்தி, அதே மலைச்சாலையில் தம்பியை ஓட்டச் சொன்னாள்.

இரண்டாவது வளைவுவரை கிழவி ஒழுங்காக ஏறினாள். மூன்றாவது வளைவில் தம்பி பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். பிறகு வேகமாக, "பின்னாடி பாக்காதக்கா" என்றான். அவள் பார்த்தாள். சாலையே தெரியவில்லை. கரும்புகைக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வெளியே வந்தார், முகமெல்லாம் கரியாக. பஸ்ஸை முந்திக்கொண்டு போகும்போது தம்பியின் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ்! வண்டி ஓட்டுறியா, அடுப்பு ஊதுறியா?"

தம்பி வண்டியை ஓரங்கட்டினான். திரையில் நீலக் கோடு சிவப்பை விட்டு வெகுதூரம் கீழே கிடந்தது. தலைமைப் பொறியாளர் திரையை மூடிவைத்தார்.

"எப்படியும் அடுத்த மாசக் கடைசியில அந்த ரெடிமேட் ஆளுங்க பேச வர்றாங்க. அதுவரைக்கும் நான் மேல சமாளிக்கிறேன். முடியுமா?"

"முடியும் சார்."

"எப்படின்னு தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்த நேரத்தில் அம்மா ஜன்னலோரம் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். தம்பி முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தான்.

"என்னடி, பிரிச்சுத் தைக்கணுமாமே?"

"ஆமாம்மா."

"முழுசாவா, ஒரு பக்கம் மட்டுமா?"

அவள் யோசித்தாள். டர்போவின் கணக்கு பிசகவில்லை. மடங்கு சரியாகத்தான் வந்தது. தப்பு பின்பக்கத்தில் மட்டும். "ஒரு பக்கம்தான்" என்றாள்.

"அதுக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்க? போய்ச் சாப்பிடு."

ஒரு பக்கம்தான் என்று வாய்விட்டுச் சொன்னதும் பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாதிக்கு வழி அந்த வாரத்திலேயே கிடைத்தது. வெளியே எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. அது பஸ்ஸிலேயே இருந்தது. கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எப்போது அதை எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக, பில்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைச் சொல்ல அங்கே ஏற்கெனவே ஒரு சென்சார் உண்டு. அது சூட்டிலிருந்து தள்ளி, நீளக் குழாய்களின் முனையில் சௌகரியமாக உட்கார்ந்திருப்பது. அடைத்துக்கொண்டதாக ஒரு புகாரும் வந்ததில்லை. இத்தனை நாளும் பில்ட்டர்காரர்கள் மட்டும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றுக் கணக்குக்காரி கேட்கவே இல்லை. இப்போது கேட்டாள். வெளிக்காற்றின் அழுத்தம், அதன்மேல் சைலன்சரின் தடை, அதன்மேல் பில்ட்டரின் தடை. இவற்றைக் கூட்டினால் டர்போவின் பின்பக்கம் வந்துவிடும். அதற்கு அப்புறம்தான் மடங்கால் பெருக்க வேண்டும்.

சொன்னால் ஆயிற்றா? கூரைக் குழாயில் புது வால்வு ஏறியது. ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு ஃபிட்டர், "பிறகு பாத்துக்கலாம்னு இனிமே யாராவது சொன்னா, கீழ இறங்கவே மாட்டேன்" என்றார். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, புது பஸ், நடுவயது பஸ், கிழவி என்று ஒவ்வொன்றும் விடுகிற மூச்சை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். பழைய அட்டவணைகள் எல்லாவற்றையும் அவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். எதையும் ஊகித்துக்கொண்டு தாண்டவில்லை. அந்த நாட்களில் கணவர்தான் அடுப்படியைப் பார்த்துக்கொண்டார். உப்பையும் அளந்து போடுகிற மனிதர் என்பதால் யாருக்கும் குறையில்லை.

ரெடிமேட் ஆட்கள் வர நான்கு நாள் இருக்கும்போது, ஃபிட்டரையும் ஏற்றிக்கொண்டு, கிழவியை மறுபடி மலைச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். முதல் ஓட்டம் ஒப்பிட்டுப் பார்க்கும் சென்சாரோடு. மூன்றாவது வளைவு வந்தது. தம்பி கண்ணாடியைப் பார்த்தான், மறுபடி பார்த்தான், மெல்ல விசிலடித்தான். திரையில் நீலம் சிவப்பின் மேல் ஒரு நேரம், கீழ் ஒரு நேரம், இழைந்து இழைந்து ஓடியது. அவள் தேடியது பிழையே இல்லாத கோட்டை அல்ல. பாரபட்சம் இல்லாத கோட்டை. கிடைத்துவிட்டது.

அடிவாரத்துக்குத் திரும்பியதும் தலைமைப் பொறியாளர் ஒப்புதல் தாளை எடுத்தார். "இப்பவாவது போடுவியா?"

"இன்னும் ஒரு ஓட்டம் சார். ஃபிட்டர் அண்ணே, அந்த சென்சாரைக் கழட்டிட்டு ஓட்டையை அடைச்சிடுங்க."

"எதுக்கும்மா? இருந்துட்டுப் போகட்டுமே. ஏதாவது ஒண்ணுன்னா தெரியுமே?"

"வாங்குறவங்க வண்டியில அது இருக்காது சார். இருக்கிற வரைக்கும் என் கண்ணு அதுமேலதான் போகும்."

நாடா இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்காதவள் அப்படிச் சொன்னதும் ஃபிட்டர் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சென்சாரைக் கழற்றி, அது இருந்த துளையில் ஒரு போல்ட்டை வைத்து, ஸ்பானரால் இறுக்கினார். இனிப் புகையின் அழுத்தம் என்ன என்று சொல்ல அந்த வண்டியில் அவளுடைய கணக்கைத் தவிர வேறு நாதியில்லை.

அவள் கடைசி இருக்கைக்குப் போய்ப் பின் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தாள். கிழவி ஏறினாள். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. பின்னால் சாலை, வெள்ளைக் கோடு, ஓரத்துக் கற்கள், தொலைவில் நகரத்தின் கூரைகள். எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. உச்சிவரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

உச்சியில் வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு லாரி ஓட்டுநர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழவி வருவதை வாயைப் பிளந்து பார்த்தார்.

"இதே வண்டிதானே போன மாசம் மலையையே கறுப்படிச்சிட்டுப் போச்சு? இன்ஜினை மாத்திட்டீங்களா?"

"இன்ஜின் அதே கிழவிதான்" என்றான் தம்பி, கதவைத் திறந்து இறங்காமலே. "மூக்குதான் இல்ல. புடுங்கியாச்சு. எங்க அக்கா கணக்குலதான் மூச்சு விடுது."

"உங்க அக்கா என்ன டாக்டரா?"

"அதுக்கும் மேல. அதோ பின்னாடி உட்கார்ந்திருக்கா பாருங்க, அவதான். நல்லாப் பாத்துக்கங்க."

"டேய், வாயை மூடு" என்றாள் அவள். ஆனால் அதில் கோபம் இல்லை என்பது லாரிக்காரருக்கே தெரிந்தது.

தலைமைப் பொறியாளர் தாளோடு இறங்கி வந்தார். மேலே காற்று பலமாக அடித்தது. தாள் படபடத்தது, வைத்து எழுத ஓர் இடமில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"சார், கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் தாளை அவர் முதுகில் விரித்து, நான்கு மடிப்புகளையும் உள்ளங்கையால் நீவிவிட்டு, அவசரமில்லாமல் முழுப் பெயரையும் எழுதினாள்.

"சீக்கிரம் போடும்மா, கூசுது" என்றார் அவர்.

"ஆடாதீங்க சார். கோணலாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு, அவள் தேதியை எழுத ஆரம்பித்தாள்.